உயிரோடு இருப்பவருக்கு ஜெராக்ஸ் கிடையாது

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, குரோம்பேட்டையில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கடை முதலாளி ஸ்டெல்லா அக்கா, ஷேர் ஆட்டோ ஓட்டும் தேவராஜ் அண்ணன், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டும் என் நண்பன் சதீஷ், பம்மலில் தோல் கம்பெனிக்குப் போகும் என் அம்மா, எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த இன்னும் ஏழெட்டுப் பேர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் போட வந்து, நடுவில் எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்ட இரண்டு கல்லூரிப் பெண்கள், நான். வராதவர்கள்: எழுத்தாளருடைய பதிப்பாளர், அவருடைய சொந்தக்காரர்கள், எழுத்தாளர். பதிப்பாளரையும் சொந்தக்காரர்களையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்தாளர் வராததற்கு மட்டும் நியாயமான காரணம் இருப்பதாக அன்று நாங்கள் நம்பினோம்.

இருபத்தேழு வயதில் 'ஓய்வு பெற்றேன்' என்று எழுதினால் சிரிப்பீர்கள். சதீஷும் சிரித்தான். ஆனால் பிளஸ் டூ முடித்த கோடையில் ஸ்டெல்லா அக்கா கடையில் சேர்ந்து, தபால்வழியில் பி.ஏ. முடித்து, அதற்கப்புறமும் விட மனசில்லாமல், மொத்தம் எட்டு வருஷம் அந்த மிஷின் முன்னால் நின்றவன் நான். போன வருஷம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. நின்று பார்க்கும் வேலையிலிருந்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போவதை எங்கள் வீட்டில் ஓய்வு என்றுதான் சொல்வார்கள்.

இப்போது என் இடத்தில் அபிநயா என்ற பெண் நிற்கிறாள். போன மாதம் எங்கள் வட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு எழுத்தாளரின் முழுப் புத்தகத்தை அவள் பிடிஎஃப்பாகப் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஸ்டெல்லா அக்கா அவளை ஒரு வாரம் லேமினேஷனில் உட்கார வைத்துவிட்டார். "அண்ணா, அக்கா எதுக்குண்ணா இவ்ளோ டென்ஷன் ஆவறாங்க? எழுதியாவது குடுங்க, தெரிஞ்சிக்கறேன்" என்று போன் செய்தாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான்தான். ஆகவே காகிதம் நிறைய இருக்கும் இடம் எதுவானாலும் அம்மாவுக்கு அது ஆபீஸ். "எம் புள்ள ஆபீஸ்ல கீறான்" என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார். முதல் இரண்டு மாதம் அந்த ஆபீசில் நான் செய்தது கண்ணாடி துடைத்தது மட்டும்தான். அதன் பிறகுதான் அக்கா மூடியைத் திறக்க விட்டார்.

வேலை சின்னதுதான், ஆனால் அதற்கும் முறை உண்டு. மழைக்காலத்தில் பேப்பர் கட்டைப் பிரித்ததும் விசிறிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டிரண்டாகப் போய் ஜாம் ஆகும். அடையாள அட்டை என்றால் கையில் வாங்கும்போதே 'ஒரு பக்கமா, முன்னும் பின்னுமா' என்று கேட்க வேண்டும். அட்டை, போட்டோ மாதிரிச் சின்ன ஒரிஜினல் எல்லாவற்றையும் கண்ணாடியின் ஒரே மூலையில்தான் வைக்க வேண்டும். அந்த மூலையில் எப்போதோ ஒரு கீறல் விழுந்து, வரும் காப்பியில் எல்லாம் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு வரும். எங்கள் கடையில் ஜெராக்ஸ் எடுத்த அத்தனை பேருக்கும் அரசாங்கக் கோப்புகளில் இடது கன்னத்தில் ஒரு கோடு இருக்கும். தடித்த புத்தகமென்றால் முதுகை அழுத்தி உடைக்கக் கூடாது. குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்து ஒற்ற வேண்டும். கடை சாத்துமுன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். குரோம்பேட்டையில் பாதிப் பேருடைய ஆதார் அட்டை ஒரு ராத்திரியாவது எங்கள் மூடிக்கடியில் தூங்கியிருக்கிறது.

ஸ்டெல்லா அக்கா திட்டவே மாட்டார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "ஒரிஜினல் எங்க?" ரயில் லேட் என்று சொல்லிக்கொண்டு தாமதமாக வந்தால், ஒரிஜினல் எங்க. வயிற்றுவலி என்று லீவு கேட்டால், ஒரிஜினல் எங்க. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று இந்த எட்டு வருஷத்தில் யாருக்கும் தெரிந்ததில்லை. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நம்மைப் பார்க்கும் பார்வையில், நாமே ஒரு மங்கலான காப்பிதான் என்று தோன்றிவிடும்.

கல்லூரிக்குப் பக்கத்தில் கடை. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் மூட்டை மூட்டையாக எங்கள் மிஷினில் ஏறி இறங்கும். அதற்கெல்லாம் அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. தமிழ்ப் புத்தகம் வந்தால் மட்டும் மூடியில் கையை வைத்துவிடுவார்.

"அமெரிக்காக்காரன் புத்தகத்தை எவ்வளவு வேணா போடு. அவன் குரோம்பேட்டைக்கு வரப்போறதில்ல. தமிழ்ல எழுதறவன் அப்படியா? நாளைக்கே வந்து நின்னு, ஆதாருக்கு ரெண்டு காப்பி குடும்மான்னு கேப்பான். அவன் மூஞ்சை நான் எப்படிப் பாக்கறது?"

இதுதான் சட்டம். உயிரோடு இருக்கும் தமிழ் எழுத்தாளருக்கு எங்கள் கடையில் ஜெராக்ஸ் கிடையாது.

வாசகர் வட்டம் ஆரம்பித்ததும் கடையில்தான். ஆட்கள் மறந்துவிட்டுப் போய், வருஷக்கணக்கில் கேட்டு வராத புத்தகங்களை அக்கா ஒரு ஷெல்ஃபில் அடுக்கி வைத்திருந்தார். சவாரி இல்லாத மதியத்தில் தேவராஜ் அண்ணன் வந்து எடுத்துப் படிப்பார். ஷிப்ட் முடிந்து சதீஷ் வருவான். அப்படியே பன்னிரண்டு பேர் ஆனோம்.

நான் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தது தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கத்து நடைபாதையில். கைடுகளுக்கும் ஜாதகப் புத்தகங்களுக்கும் அடியில் ஒல்லியாகக் கிடந்தது. பெயர் 'இரவல் ஏணி'. எழுதியவர் 'ஒண்டிக்குடித்தனன்'. நாங்களும் பம்மலில் ஒண்டுக்குடித்தனம்தான் என்பதால் அந்தப் பெயருக்காகவே வாங்கினேன். ரயிலில் ஏறிப் பிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போன ஏணியை, அவர் மனம் நோகாமல் திருப்பி வாங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை. 'எனக்கு வெறும் தண்ணி போதும்' என்று சொல்லும் விருந்தாளிகளில் எத்தனை வகை என்று இன்னொன்று. குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவன் சிரித்துக்கொண்டே பல்லாவரத்தில் இறங்கினேன்.

அம்மா பூண்டு உரிக்கும்போது ஏணிக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"இன்னாடா, நடுவால எழுந்துகினு போற? ஏணிய வாங்கினானா இல்லியா அந்தாளு?"

"இரும்மா, வரேன்."

"இந்தாளு நம்ம வூட்டாண்ட குந்திகினுதான்டா எழுதிகீறான். நம்ம ஓனரு பொண்டாட்டி பேசற மாதிரியே கீது."

அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும், கை கழுவுமுன் அம்மா கேட்கும் முதல் கேள்வி: "அந்தாளு இன்னைக்கி இன்னா சொல்றான்?" என்ன பதில் சொல்வது? புத்தகம் ஒன்று, வாசகர்கள் பன்னிரண்டு பேர். வாரம் ஒருவர் என்று முறை வைத்தோம். தேவராஜ் அண்ணன் பத்து நாள் ஆகியும் தரவில்லை. கேட்டால், "இன்னும் சிரிச்சி முடிக்கலப்பா" என்றார். சதீஷ் கொடுத்தபோது முப்பதாம் பக்கத்தில் கூலன்ட் ஆயிலில் அவன் கட்டைவிரல் பதிந்திருந்தது. ஒரு சுற்று வருவதற்குள் தையல் விட்டு, அட்டை தனி, கட்டுரை தனி என்று ஆகிவிட்டது. இரண்டாம் சுற்றுக்குப் புத்தகம் தாங்காது. எனக்கு வீட்டில் ஒரு பிரதி வேண்டும். அம்மாவின் கேள்விக்குத் தினமும் பதில் வேண்டும். கடைகளில் விசாரித்தால் அப்படி ஒரு புத்தகமே கேள்விப்பட்டதில்லை என்றார்கள்.

அக்காவிடம் போய் நின்றோம்.

"சட்டம் தெரியுமில்ல?" என்றார் அக்கா. "ஆள் உயிரோட இருந்தா கிடையாது."

சதீஷ் மெதுவாகக் கேட்டான்: "உயிரோட இல்லன்னா?"

அக்கா யோசித்தார். அவரும் தன் முறை வந்த வாரத்தில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தோசையைக் கருக்கியவர்தான். "இல்லன்னா பாக்கலாம்" என்றார்.

அன்று தொடங்கியது எங்கள் விசாரணை. நல்ல மனசுள்ள பன்னிரண்டு பேர், தங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் இறந்திருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்ட நாட்கள் அவை. புத்தகத்தில் போட்டிருந்த பதிப்பக முகவரிக்கு நானும் சதீஷும் சைதாப்பேட்டைக்குப் போனோம். அங்கே செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் அண்ணன் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களை எல்லாம் விசாரித்தார். "ஏம்மா, ஒண்டிக்குடித்தனன்னு ஒருத்தரு, தெரியுமா?" என்றால், "எவ்ளோ அட்வான்ஸ் தருவாரு?" என்று பதில் வந்ததாம். கடைசியில் துப்புத் துலக்கியது சதீஷ்தான். புத்தகத்தின் கடைசிக் கட்டுரையின் தலைப்பு 'நெஞ்செரிச்சல்'.

"அக்கா, நல்லா கவனிங்க. நெஞ்சு எரியுதுன்னு எழுதியிருக்காரு. அதோட புத்தகம் முடிஞ்சிடுச்சி. அதுக்கப்புறம் வேற புத்தகம் இல்ல. கேஸ் க்ளோஸ்."

"ஒரிஜினல் எங்க?" என்றார் அக்கா.

"செத்தவர்கிட்டயே போயி டெத் சர்டிபிகேட்டாக்கா கேக்கறது?"

அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக ஒருவன் பதில் சொன்னதைக் கேட்டு நாங்கள் அசந்துபோனோம். அக்காவும் கொஞ்சம் தடுமாறினார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "செத்தாருன்னு வாயால சொன்னா போதுமா? ஒரு மாலை உண்டா, ஒரு மரியாதை உண்டா? முறையா அஞ்சலிக் கூட்டம் போடாம அவர் புத்தகத்தை என் மிஷின்ல வைக்கக் கூடாது."

பின்னட்டையில் தபால்தலை அளவுக்கு அவர் போட்டோ இருந்தது. அதை நம் மிஷினிலேயே ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக, கன்னத்தில் கோட்டோடு வந்தது. பிளெக்ஸ் கடைக்காரர் அதற்கு ஒரு தங்க பிரேம் போட்டு, இரண்டு புறாவையும் ஒரு குத்துவிளக்கையும் சேர்த்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. தோற்றம், மறைவு என்று இரண்டு இடம் விட்டு, "தேதி சொல்லு தம்பி" என்றார். தெரியாது என்றோம். "காலியா விட்டா அசிங்கமா இருக்கும்" என்று இரண்டிலும் ஒவ்வொரு நட்சத்திரம் வைத்துவிட்டார். அதைக் கடை வாசலில் கட்டி மாலை போட்டோம்.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. இரங்கலுரை நான். இரண்டு பக்கம் எழுதி வைத்துப் படித்தேன். 'எழுத்துலகின் ஏந்தல்', 'சிரிப்பின் சிகரம்', 'ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு' எல்லாம் அதில் வந்தன. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்ற இடத்தில் அம்மா வாய்விட்டு அழுதார். ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே அழுதார். ஸ்பைரல் போட வந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு டீ. பதினாறாம் நாள் வரை காத்திருந்து ஜெராக்ஸ் போடலாமா என்று ஒரு யோசனை வந்தது. "எழுத்தாளருக்கு ஒரு நாள் போதும்" என்று சதீஷ் முடிவு செய்தான். திங்கட்கிழமை மிஷினை ஓட்டினோம். முதல் பிரதி எங்கள் வீட்டுக்குப் போனது.

புதன்கிழமை காலை நடந்ததுதான் என் பணிக்காலத்தின் மிகக் கடினமான கேஸ்.

அக்கா உள்ளே லேமினேஷன் மிஷினில் ஏதோ சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய மிஷினில் 'இரவல் ஏணி' ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லியாக, முழுக்கைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர் வந்து நின்று, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

"பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும் தம்பி. ரெண்டு காப்பி."

"ஒரு பக்கமா சார், முன்னும் பின்னுமா?"

"முன்னும் பின்னும்." பிறகு குடையால் வெளியே காட்டினார். "அங்க கட்டியிருக்கீங்களே, அது யாரு?"

"எழுத்தாளர் சார். ஒண்டிக்குடித்தனன்."

"நல்லா எழுதுவாரா?"

"பிரமாதமா எழுதுவாரு சார். நீங்க படிச்சதில்லையா?"

"அங்கங்க படிச்சிருக்கேன். எப்போ தவறினாரு?"

"ஞாயித்துக்கெழமை சார்."

"அடடா. எத்தனை மணிக்கு?"

"சாயந்தரம் அஞ்சு மணி இருக்கும்." நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நேரம் கூட்டத்தின் நேரம்தான்.

"ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"இல்ல சார். எல்லாருக்கும் டீ குடுத்தோம்."

அவர் தலையாட்டிக்கொண்டார். நான் அட்டையைச் சின்ன மிஷினின் கண்ணாடி மூலையில் வைத்து மூடினேன். ஜெராக்ஸ்காரன் ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அட்டை நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். அட்டையில் இருந்த பெயரும் வேறு, சாதாரணமான பெயர். ஆனால் காப்பி வெளியே வந்ததும் கை நின்றுவிட்டது. சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக, இடது கன்னத்தில் மெல்லிய கோட்டோடு அந்த முகம். நிமிர்ந்து வெளியே பார்த்தேன். புறாக்களுக்கு நடுவில் அதே சாம்பல், அதே புள்ளி, அதே கோடு. அவரை நேரில் பார்த்து எனக்குத் தெரியவில்லை. காப்பியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அதற்குள் அவர் பெரிய மிஷினின் ட்ரேயிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "இந்த இடம் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

நான் உள்ளே போனேன்.

"அக்கா, ஒரிஜினல் வந்திருக்கு."

அக்கா வெளியே வந்து அவரைப் பார்த்தார். பிளெக்ஸைப் பார்த்தார். போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் உட்படக் கடை மொத்தமும் நின்றது.

"சார், உக்காருங்க."

"உக்காரலாமா? போட்டோவுக்கு மாலை போட்டிருக்கீங்க. பழக்க தோஷத்துல எனக்கும் போட்டுடப் போறீங்க."

"தெரியாம நடந்துபோச்சு சார்." அக்கா கைகூப்பினார். இருபது வருஷமாக ஒருவரிடமும் தலைகுனியாமல் கடை நடத்தியவர். "தமிழ் எழுத்தாளர் புத்தகத்தை நான் மிஷின்ல வெச்சதே இல்ல சார். உயிரோட இல்லன்னு நெனச்சித்தான்..."

"எனக்கும் நேத்து அந்த சந்தேகம் வந்துடுச்சும்மா. எங்க ஹவுஸ் ஓனர் பஸ்ல வரும்போது இதைப் பாத்திருக்காரு. நேரா மாடிக்கு வந்து, அட்வான்ஸை யார்கிட்ட திருப்பிக் குடுக்கணும்னு என்கிட்டயே கேக்கறாரு. இன்னைக்கு பேங்க்ல போயி நான் உயிரோட இருக்கேன்னு காட்டணும். அங்க இருக்கறவங்க யாராவது இந்தப் பக்கம் வந்து பாத்திருந்தா? நான் நேர்ல நின்னாலும் பிளெக்ஸைத்தானே நம்புவாங்க?"

அடுத்த நிமிஷமே பிளெக்ஸ் இறங்கியது. போட்ட பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கும்படி அக்கா உத்தரவிட்டார். நாளை சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் ஒப்படைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். தேவராஜ் அண்ணன் முனகிக்கொண்டே கொடுத்தார். "அக்கா, எனக்கு இன்னும் மூணு கட்டுரை இருக்கு" என்றான் சதீஷ். "ஆளே இருக்காரு, குடுடா" என்றார் அக்கா. எல்லாம் வந்து சேர்ந்தது, ஒன்றைத் தவிர.

அம்மா அதை அரிசி டிரம்முக்குள் வைத்து, மேலே அரிசியைக் கொட்டியிருந்தார்.

"குடும்மா. அக்கா மானம் போவுது."

"குடுக்க மாட்டேன். சாவுக்கு அழுதது நானு. உங்க அக்காவா அழுதா?"

"அவரு சாகவே இல்லம்மா!"

"அத்த நான் வந்து அந்தாள்கிட்டயே பேசிக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் போனோம். அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. மாடியில் ஒரு போர்ஷன். கோயிலுக்குக் கட்டும் பட்டுப் புடவையில் அக்கா, கையில் பிரதிகளின் கட்டோடு தேவராஜ் அண்ணன், சதீஷ், நான், மடியில் அரிசி வாசனையோடு ஒரு பிரதியை இறுக்கிக்கொண்டு அம்மா. மாடிப்படிக்குக் கீழே ஹவுஸ் ஓனர் நின்றிருந்தார்.

"யோவ் ஓனரு," என்றார் தேவராஜ் அண்ணன். "போர்ஷன் காலி இல்ல. மேல ஆளு ஜம்முனு கீறாரு. போயி வேலையப் பாரு."

எழுத்தாளர் பிரதிகளை வாங்கிப் புரட்டினார். ஸ்பைரலை விரலால் தடவினார். "பதிப்பாளர் எனக்கு இவ்வளவு நல்ல பைண்டிங் போட்டதில்ல" என்றார். அக்கா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூட்டத்துல நீதானே பேசினே? என்ன பேசினே, படி."

சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"சிரிப்பின் சிகரம் வேணாம். இந்த மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. ஆறாத் துயர்னு இருக்கே, எத்தனை பேருக்கு ஆறல?"

"அம்மாவுக்கு மட்டும் சார்."

"அப்போ 'ஓரளவு துயர்'. ஏந்தல்னா என்ன?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. அடிச்சிடு." கடைசி வரிக்கு வந்தார். "'ஈடு செய்ய முடியாத இழப்பு.' இது இருக்கட்டும்." தாளை மடித்து என்னிடமே தந்தார். "பத்திரமா வெச்சிக்கோ. அடுத்த தடவை இதையே படி."

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் சார், நீங்க பாட்டுக்கு அடிச்சினு எழுதினு கீறீங்க. அன்னைக்கி உங்களுக்காக அழுதேன். சாவு காரியத்துக்குப் போய்ட்டு வந்தா குளிக்காம வூட்டுக்குள்ள கால் வைப்பனா நானு? அன்னைக்கினு பாத்து தண்ணி வரல. பக்கத்து வூட்ல போயி பல்ல இளிச்சி ரெண்டு கொடம் வாங்கி குளிச்சேன். இப்ப சாவலன்னு சொல்றீங்க. அந்தத் தண்ணிய யாரு குடுப்பா?"

எழுத்தாளர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிய பரிசு கிடைத்தவர் மாதிரி முகம் மாறியது.

"அம்மா, இதை நான் எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோ. எம் பேரை மட்டும் போடாத. அந்த பக்கத்து வூட்டுக்காரிக்குத் தெரிஞ்சா இன்னும் ரெண்டு கொடம் கேப்பா. அப்பறம் இந்த பொஸ்தவத்தை நான் குடுக்க மாட்டேன். எம் புள்ள படிச்சா நான் கேக்கணும். நாளெல்லாம் தோல் நாத்தத்துல நின்னுட்டு வரேன். வூட்டுக்கு வந்தா சிரிக்கறதுக்கு இது ஒண்ணுதான் கீது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "இவங்க கையில இருக்கறது மட்டும் எங்க கடை காப்பியா இருக்கக் கூடாது சார். அச்சடிச்ச புத்தகம் ஒண்ணு கெடைச்சா எவ்வளவு வெலைன்னாலும் நான் வாங்கிக் குடுக்கறேன்."

எழுத்தாளர் எழுந்து நின்று மேலே கையைக் காட்டினார். பரண். சதீஷ் ஏறிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றான். முழுக்க 'இரவல் ஏணி'. பதிப்பாளர் கடையைச் சாத்தும்போது, பணத்துக்குப் பதிலாக இறக்கிவிட்டுப் போன மொத்தக் கட்டும் அங்கே இருந்தது. வீடு மாறும்போதெல்லாம் அவர் அதையும் சுமந்துகொண்டு மாறியிருக்கிறார். நாங்கள் தாம்பரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, மூன்று தெரு தள்ளி, இந்தப் பரணில்.

"எல்லாத்தையும் எடுத்துக்கறோம் சார்" என்றார் அக்கா. அவர் அப்படிச் சொல்வார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவராஜ் அண்ணன் அவர் முந்தானையை இழுத்துக்கூடப் பார்த்தார். "அட்டையில முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு" என்றார் அக்கா.

"அது நான் உயிரோட இருந்தப்போ போட்ட வெலை."

"இப்பவும் உயிரோடதானே சார் இருக்கீங்க?"

"இன்னைக்கு சொல்றீங்க. ஞாயித்துக்கெழமை வேற மாதிரி சொன்னீங்க. செத்த எழுத்தாளர் புத்தகம் கெடைக்கறது கஷ்டம்மா. நூறு ரூபா."

"சார், சார்," என்று நடுவில் புகுந்தார் தேவராஜ் அண்ணன். "ஒரேடியா சாவாதீங்க. பாதி செத்த ரேட்டு போடுங்க."

அறுபதில் நின்றது. ஸ்பைரல் பிரதிகளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார் அக்கா. "வேணாம், அதெல்லாம் பரண்லயே போடுங்க" என்றார் எழுத்தாளர். "மேல பாரம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

பன்னிரண்டு பேர் இருந்த வட்டத்துக்கு இருநூற்றுச் சொச்சம் புத்தகம். படிக்க ஆள் பிடிப்பதே எங்கள் வேலையாகிப் போனது. தேவராஜ் அண்ணன் ஆட்டோவின் பின் சீட்டுக்கு எதிரே சணலில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். பாதிக் கட்டுரையில் ஸ்டாப்பிங் வந்து, "அண்ணா, இது எங்க கெடைக்கும்?" என்று கேட்டவர்களை நேரே கடைக்கு அனுப்பினார். சதீஷ் தன் கம்பெனியில் யாருக்குக் கல்யாணமானாலும் இதையே மொய்யாக வைத்தான். இரண்டு மாப்பிள்ளைகள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் மட்டும் இன்னொன்று கேட்டார். அம்மா தோல் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் கட்டுரைகளை வாயாலேயே சொல்லிக் காட்டுவார். ஏணி திரும்பி வந்ததா என்பதை மட்டும் சொல்ல மாட்டார். "பொஸ்தவத்தை வாங்கி உம் புள்ளைய படிக்கச் சொல்லு" என்பார். அப்படியே இருபது போனது. ஸ்பைரல் போட வந்த அந்த இரண்டு பெண்களும் ஹாஸ்டலுக்கு ஒரு கட்டு வாங்கிப் போனார்கள்.

ஆனால் புத்தகம் விற்ற பிறகு எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கலாம் என்றதற்கு, அன்று அந்த மாடியிலேயே அக்கா சம்மதிக்கவில்லை. விற்கிறபோது விற்கட்டும், அவர் பணம் அவருக்கு அன்றைக்கே என்று சொல்லிவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், மீதி அக்கா. பரணிலிருந்து இறக்கி எண்ணியபோது இருநூற்றுப் பன்னிரண்டு. அதிலிருந்து ஒன்றை எழுத்தாளரே எடுத்து, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அழுததற்கும் இரண்டு குடம் தண்ணீருக்கும் சேர்த்து என்று சொல்லி அம்மாவிடம் இலவசமாகக் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பிரதியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். மற்றபடி எழுத்தாளர் ஒரு பைசா குறைக்கவில்லை. இருநூற்றுப் பதினொரு புத்தகம், அறுபது ரூபாய் வீதம், பன்னிரண்டாயிரத்து அறுநூற்று அறுபது ரூபாய். அபிநயா, நீ குரூப்பில் போட்ட புத்தகத்துக்கும் எங்கேயோ இப்படி ஒரு பரண் இருக்கும்.